கச்சான் காற்றில் சய நாற்பது பாகை

வேனின் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில், பதினாறு துளையுள்ள ஒரு கறுப்புச் சொக்கெட் இருக்கிறது. எஞ்சினில் என்ன கோளாறு என்று அறிய கராஜ்காரர் தங்கள் கருவியைப் பொருத்தும் வாசல் அது. அதற்குள் நான் செருகிய சின்ன மீற்றர் நீல வெளிச்சத்தோடு கண் விழித்தது. எஞ்சினின் வெப்பநிலை சய நாற்பது பாகை செல்சியஸ் என்று காட்டியது.

வெளியே கச்சான், எங்கள் பக்கத்து வறண்ட மேல்காற்று, அடித்துக்கொண்டிருந்தது. உவர்மலையில் எங்கள் வீட்டு முற்றத்து மண் செருப்பையும் தாண்டிச் சுட்டது. கொடியில் போட்ட சாரம் அப்பளம் போல விறைத்துப் போயிருந்தது. அந்த வெயிலில் பூச்சியத்துக்குக் கீழே நாற்பது.

என் மனைவி புவனா குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்தாள்.

“என்னவாம் சொல்லுது உங்கட புதுச் சாமான்?”

“எஞ்சின் உறைஞ்சு போச்சாம்.”

“அப்ப மீனை அதுக்குள்ள வைப்பம். ஃபிரிஜ்ஜை நிப்பாட்டலாம்.”

நான் சிரிக்கவில்லை. வேலைக்காலம் முழுவதையும் வானிலை நிலையத்தில் அவதானிப்பாளராகக் கழித்தவன் நான். ஒரு கருவி பொய் சொன்னால், என் முகத்துக்கு நேரே ஓர் ஆள் பொய் சொன்னது போலத்தான் எனக்குக் கோபம் வரும்.

இத்தனை வாரமும் அந்த நிலையத்து நாட்களைப் பற்றியே எழுதி வந்தேன். மழைமானி, காற்றுத்திசைகாட்டி, துறைமுகத்துக்கு மேலே திரளும் முகில்கள் என்று வாசகர்கள் பொறுமையோடு கூட வந்தீர்கள். இந்த வாரம் எழுதுவது அண்மைக்காலத்துக் கதை. எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். இதில் என் பெயருக்குப் பெருமை சேர்க்கும் எதுவும் இல்லை.

நீல விளக்கும் சிவப்பு விளக்கும்

எங்கள் வேன் ஜப்பானில் பல வருடம் ஓடிவிட்டு, ரீகண்டிஷன் வண்டியாகக் கப்பலேறி வந்தது. முன்பு அதை ஓட்டியவர் யாரென்று தெரியாது. இருக்கைக்கு அடியில் ஜப்பானிய எழுத்துள்ள ஓர் இனிப்புக் கடதாசி கிடந்தது. அதை எறிய புவனா விடவில்லை.

சாவியைத் திருப்பினால் ஒரு பெண்குரல் கதைக்கும். மெல்லிய, மரியாதையான குரல். ஒவ்வொரு முறையும் அதே வசனம். இங்கே ரீகண்டிஷன் வாகனம் வைத்திருப்பவர்கள் பலருக்கு அந்தக் குரலைத் தெரியும். நெடுஞ்சாலைக் கட்டண அட்டையைப் போடவில்லை என்று அவள் நினைவூட்டுகிறாள் என்பதைப் பிறகு இணையத்தில் தேடி அறிந்தேன். அதற்குள் புவனா அவளுக்குப் பதில் சொல்லப் பழகியிருந்தாள்.

“ஓம் பிள்ளை, பார்த்துத்தான் போறம்.”

குரலை நிறுத்துவதற்கு வழி இருந்தது. அதற்கும் அனுமதி கிடைக்கவில்லை.

அந்த வேனில் வெப்பநிலை காட்டும் முள் இல்லை. எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு எரியும். எல்லை மீறிச் சூடானால் சிவப்பு. இடையில் ஒன்றுமே இல்லை. அரைப் பாகை வித்தியாசத்துக்காக வெப்பமானியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாம் தரம் குனிந்து பார்த்து வாழ்ந்தவனுக்கு அந்த வெறுமை பிடிக்கவில்லை. வெருகல் கோவிலுக்குப் போகும் நீண்ட பாதையில், நீலமும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல், எஞ்சின் எங்கே நிற்கிறதென்று தெரியாமல் ஓட்டுவது எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது போல இருந்தது.

அந்தச் சொக்கெட்டில் செருகினால் எஞ்சினின் சூட்டை எண்ணாகவே காட்டும் மீற்றர் இருக்கிறதென்று கேள்விப்பட்ட அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

இப்போது சய நாற்பதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். செல்சியஸ் அளவும் பரனைற்று அளவும் சந்திக்கும் ஒரே இடம் அது. அங்கே எந்த அளவுகோலால் அளந்தாலும் எண் ஒன்றுதான். பயிற்சிக் காலத்தில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டியபோது, திருகோணமலையில் பிறந்த நான் வாழ்நாளில் காணப்போகாத எண் என்று நினைத்தேன். எழுபதைத் தாண்டிய வயதில் என் முழங்காலுக்குப் பக்கத்தில் கண்டேன்.

“ரெண்டு பேரும் பார்ப்பம்”

மீற்றரை வாங்கியது கிண்ணியாவில். குறிஞ்சாக்கேணிக்குத் திரும்பும் பாதையில் நஸீமா என்பவர் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். தகப்பனின் ரயர் கடையில் வளர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும். ‘சொல்ல’ என்பதை ‘செல்ல’ என்னும் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பேச்சு அவருடையது. கடைக்குள் போனால் புது ரப்பர் மணம் மூக்கில் ஏறும், பின்னால் இருந்து இஞ்சி போட்ட பிளேன்ரீ மணமும் வரும்.

“எந்த வண்டிக்கும் போடலாம் எண்டு பெட்டியில போட்டிருக்காங்க ஐயா. சொக்கெட்டில பதினாறு துளை இருக்கா எண்டு மட்டும் பார்த்துக்கங்க.”

“பதினாறுதான். எண்ணிப் பார்த்தனான்.”

அவரும் பெட்டியை நம்பினார். நானும் நம்பினேன். துளை பொருந்தினால் எல்லாம் பொருந்தும் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே இருக்கவில்லை.

மறுநாள் அதே கடையில் போய் நின்றேன்.

“இது போலிச் சாமான்.”

“என்ன ஐயா நடந்த?”

“சய நாற்பது காட்டுது.”

அவர் மீற்றரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “லைற் எரியுதா?”

“எரியுது. பற்றரி வோல்ற்றும் சரியாக் காட்டுது. வெப்பத்துக்குத்தான் பொய் சொல்லுது.”

“வண்டி வாசல்லதானே நிக்கிது. வாங்க, ரெண்டு பேரும் கண்ணால பார்ப்பம்.”

அவர் சொன்னது நியாயம். வேன் அவருடைய படிக்கு முன்னால் நின்றது. எழுந்து நாலு எட்டு வைத்தால் போதும். ஆனால் கடையில் இரண்டு லொறிக்காரர் நின்றார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, “வெதர் ஐயா” என்று மற்றவருக்குக் கிசுகிசுத்தது என் காதில் விழுந்துவிட்டது.

“வேனைப் பார்க்கத் தேவையில்லை. நான் வெப்பமானியோட சீவிச்சவன். சூட்டைப் பற்றி உங்கட கடையில வந்து படிக்கிற நிலைமையில நான் இல்லை.”

“படிக்கச் செல்லல்ல ஐயா. பார்க்கத்தான் சென்ன.”

சாமானைத் திருப்பி எடுக்கிறேன் என்றும் சொன்னார். நான் கொடுக்கவில்லை. அத்தாட்சியாக என்னிடம் இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன்.

எங்கள் நிலையத்தில் புதியவனுக்கு முதலில் சொல்லித்தருவது இரண்டு விடயம். வாசிப்பில் சந்தேகம் வந்தால் திரும்பப் போய் வாசி. வாசிக்க முடியாமல் போனால் அந்த இடத்தில் ஒரு கோடு போடு, உன் ஊகத்தை எழுதாதே. மழையிலும் இடியிலும் நான் மீறாத விதிகள் அவை. அன்று நல்ல வெயிலில், பட்டப்பகலில், இரண்டையும் மீறினேன்.

என் சொல்லுக்கு இருந்த மதிப்பு

எங்கள் மாவட்டத்து வாகனக்காரருக்கென்று ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. மூதூர், கிண்ணியா, வெருகல் என்று எல்லாப் பக்கத்தாரும் அதில் உண்டு. சய நாற்பது காட்டும் மீற்றரைப் படம்பிடித்துப் போட்டேன். கீழே கடையின் பெயரையும் எழுதி, போலிச் சாமான் விற்கிறார்கள், கவனம் என்று எழுதினேன்.

பதில்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. “பனிக்கரடி வளர்க்கலாம் ஐயா.” “எங்கட ஐஸ் பெட்டிக்கும் ஒண்டு வேணும்.” “வெதர் ஐயா சொன்னா மறுகதை இல்லை.”

கடைசிப் பதிலைத்தான் பல தடவை வாசித்தேன்.

அந்த மதிப்பு எப்படி வந்ததென்று சொல்லவேண்டும். பல காலத்துக்கு முன் ஒரு கார்த்திகையில், இலங்கைத்துறை மீன்பிடிக் கரையில் கடல் எண்ணெய் போலக் கிடந்த பின்னேரம், இன்றைக்கு ஒருவரும் தொழிலுக்குப் போகவேண்டாம் என்று அங்கு நின்றவர்களிடம் சொன்னேன். சிலர் முணுமுணுத்தார்கள். ஆனாலும் போகவில்லை. இருட்டிய பிறகு கடல் எழும்பி வந்து, இழுத்துக் கட்டியிருந்த தோணிகளையே தூக்கி எறிந்தது. அன்றிலிருந்து அந்தக் கரையில் என் வாய்க்கு ஒரு மரியாதை. உண்மையில் அது பாரமானிக்குரிய மரியாதை. அது இறங்கியதை நான் பார்த்தேன், பார்த்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். ஆனால் பாரமானியை யாரும் ஐயா என்று கூப்பிடுவதில்லை. வந்த மரியாதையை நானே வைத்துக்கொண்டேன்.

அதை எடுத்துத்தான் நஸீமாவின் கடைமேல் எறிந்தேன்.

இராசனின் கெப்

புவனாவின் தம்பி இராசன் இலங்கைத்துறையில் தொழில் செய்பவன். வலையும் தோணியும் உண்டு, மீன் ஏற்றப் பழைய கெப் ஒன்றும் வைத்திருக்கிறான். வெருகலுக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு வரும் வழியில் அவன் வீட்டில் சாப்பிடுவது எங்கள் வழக்கம். அந்த முறை சாப்பாட்டுக்குப் பிறகு அவன் என்னைச் சீண்டினான்.

“அத்தான், அந்த ஐஸ் மீற்றர் எங்க? என்ர கெப்பிலயும் ஒருக்காப் போட்டுப் பார்ப்பம். உறைஞ்சா இறால் ஏத்தலாம்.”

மீற்றர் என் வேன் லாச்சிக்குள் கிடந்தது. விளையாட்டுக்குத்தான் கொடுத்தேன். அவன் கெப்பில் ஏறி, காலடியில் தடவிச் செருகி, சாவியைத் திருப்பினான்.

மீற்றர் விழித்தது. ஒரு கணம் சய நாற்பது. பிறகு முப்பத்தாறு. எஞ்சின் உறுமத் தொடங்கியதும் முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, நாற்பத்தைந்து என்று ஏறியது.

நான் கெப் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு சொல்லே எனக்கு அகப்படவில்லை, அது கதைத்தது. இரும்புக்குள், எண்ணெய்க்குள், ஒரு மனிதக் கண்ணும் போகமுடியாத இடத்தில் நடப்பதை அது ஒவ்வொரு விநாடியும் சொல்லிக்கொண்டிருந்தது. நான் வெப்பமானியிடம் நடந்து போகவேண்டியிருந்தது, பெட்டியைத் திறக்கவேண்டியிருந்தது, மூச்சுச்சூடு படாமல் தலையைத் திருப்பவேண்டியிருந்தது. இது கேட்காமலே சொன்னது.

மீற்றரின் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் வேறு வேறு அளவுகள் வந்தன. அதில் ஒன்றைக் கண்டு எனக்கு உடம்பு புல்லரித்தது. எஞ்சின் உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பநிலை. எஞ்சினும் காற்றின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

“இராசன், கொஞ்சம் ஓட்டு.”

“எங்க?”

“எங்கயாவது. கடற்கரைப் பக்கம்.”

வயல் வெளியில் நாற்பத்திரண்டு. எஞ்சின் பக்கத்துச் சூடும் சேர்ந்திருக்கும், உண்மைக் காற்று அதிலும் சில பாகை குறைவு என்று மனம் தானாகவே கழித்தது. பனைகளைத் தாண்டியதும் நாற்பத்தொன்று. மணல் தெரிந்ததும் முப்பத்தொன்பது. கடற்காற்று கன்னத்தில் பட்ட அதே நேரத்தில் முப்பத்தெட்டு. என் தோல் உணர்ந்ததை அந்தச் சின்னக் கண்ணாடி எழுதிக் காட்டியது.

முழு மாவட்டத்துக்கும் எங்களுக்கு ஒரேயொரு நிலையம்தான் இருந்தது. இப்போது கிண்ணியாப் பாலத்தில் போகும் ஒவ்வொரு லொறியும், மூதூர்ச் சந்தையில் நிற்கும் ஒவ்வொரு வேனும், யாரும் கேட்காவிட்டாலும் காற்றை அளந்துகொண்டு போகிறது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. இராசன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

“அத்தான், இது போலி எண்டெல்லோ எழுதினியள்?”

அப்போதுதான் அந்த வியப்புக்கு அடியில் கிடந்த என் பிழை எனக்குத் தெரிந்தது.

அழித்த செய்தி

வீட்டுக்கு வந்து நாட்கணக்காக வாசித்தேன். விடயம் இவ்வளவுதான். சொக்கெட்டின் வடிவம் பல நாடுகளுக்கும் ஒன்று. ஆனால் அதன் வழியாக வாகனம் கதைக்கும் மொழி ஒன்றல்ல. ஜப்பான் தன் சொந்த வீதிகளுக்கென்று அந்தக் காலத்தில் செய்த பல வண்டிகள் வேறு மொழியில் கதைத்தன. என் வேன் அப்படிப்பட்டது. இராசனின் கெப் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யவென்றே கட்டப்பட்டது. மின்சாரம் மட்டும் எல்லாச் சொக்கெட்டிலும் ஒரே துளையில் வரும். அதனால்தான் என் வேனிலும் மீற்றர் எரிந்தது, பற்றரியைச் சரியாகச் சொன்னது.

சய நாற்பதுக்கும் விளக்கம் இருந்தது. வாகனம் அனுப்பும் எண்ணிலிருந்து மீற்றர் நாற்பதைக் கழித்துத்தான் காட்டும். குளிர்நாட்டு உறைபனியையும் காட்டவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. வாகனம் ஒன்றுமே அனுப்பாவிட்டால், பூச்சியத்தில் நாற்பது போய் சய நாற்பது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்பதைத்தான் அந்தக் கருவி தனக்குத் தெரிந்த விதத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் நிலையத்தில் நாங்கள் போடும் கோடு அது. அவ்வளவு நேர்மையான கருவியை நான் பொய்யன் என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தேன்.

அதன் பிறகு நான் செய்ததுதான் கூடப் பிழை. குழுவில் இருந்த என் செய்தியை அழித்தேன். ஒரு வார்த்தை விளக்கம் எழுதவில்லை. அழித்துவிட்டால் அது நடக்கவில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். கச்சான் ஓய்ந்து மழை தொடங்கும்வரை அப்படியே இருந்தேன்.

புவனா ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

“அந்தக் கிண்ணியாப் பிள்ளையின்ர கடை என்ன மாதிரியாம்?”

“நான் அந்தச் செய்தியை அழிச்சிட்டன்.”

“உங்கட ஃபோனில அழிச்சியள். படத்தை எடுத்து வைச்சிருக்கிற சனத்தின்ர ஃபோனில ஆர் அழிக்கிறது?”

அடுத்த காலையே கிண்ணியாவுக்குப் போனேன். கடையின் நடுவில் பலகைச் சுவர் ஒன்று எழும்பியிருந்தது. ஒரு பாதி இப்போது வேறொருவரின் கைபேசிக் கடை. மிச்சப் பாதியில் நஸீமா தட்டில் இருந்த பல்புகளை இறக்கிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் கை நிற்கவில்லை.

“வாங்க ஐயா. மீற்றரைத் தர வந்தீங்களா?”

“பிழை என்னில. மீற்றர் நல்லது. என்ர வேன்தான் வேற மொழி கதைக்குது. எழுதினது என்ர பிழை.”

அவர் ஒரு பல்பைக் கடதாசியில் சுற்றினார். “மீற்றரோட முடிஞ்சிருந்தா நான் ஒண்டும் செல்லமாட்டன். வாங்கின ஆக்கள் பிரேக் லைனரையும் திருப்பிக் கொண்டந்து தந்தாங்க. மீற்றர் போலியெண்டா பிரேக் மட்டும் எப்பிடி நல்லதாயிருக்கும் எண்டு கேட்டாங்க. கராஜ்காரர் ஒருத்தரும் வாறல்ல. இப்பிடியே போனா நோன்புக்கு முந்தி மிச்சப் பாதியும் பூட்டுத்தான்.”

“என்னை மன்னிக்கவேணும்.”

“எனக்கிட்டக் கேட்டு என்ன செய்ய? இது போலியில்லையெண்டு எனக்குத் தெரியும்தானே. தெரியாத ஆக்களுக்கு முன்னால செல்லுங்க. எழுத வேணாம். எழுதினா வாசிக்கிறவன் பாதி, சிரிக்கிறவன் பாதி. ஆக்கள் நிக்கிற இடத்துல, வண்டி நிக்கிற இடத்துல செல்லுங்க. நானும் வாறன்.”

இலங்கைத்துறையில் ஒரு காலை

ஆட்களும் வண்டிகளும் சேர்ந்து நிற்கும் இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். தோணிகள் கரைக்கு வரும் நேரத்தில் இலங்கைத்துறையில் மீன் ஏற்றும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருவார்கள். ஐஸ் உடைக்கும் சத்தமும், சூடை மீனின் மணமும், இலைச் சுருட்டுப் புகையுமாக அந்த இடம் கிடக்கும்.

இராசன் தன் ஐஸ் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டான். அதில் ஏறமாட்டேன் என்று சொல்லி, நஸீமா பக்கத்தில் நிற்க, மணலில் நின்றே சொன்னேன். நான் எழுதியது பிழை. வேனைப் பார்க்கச் சொல்லி இவர் கூப்பிட்டபோது நான் பார்க்கவில்லை. பார்க்காமல் எழுதினேன். சாமான் நல்லது.

யாரோ ஒருவர் பின்னாலிருந்து கேட்டார். “ஐயா, இண்டைக்கு மழை வருமா?” எல்லோரும் சிரித்தார்கள்.

நஸீமா சிரிக்கவில்லை. புது மீற்றர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் வண்டிக்குப் போனார். என் வேனில் சய நாற்பது. இராசனின் கெப்பில் எண்பத்தாறு. அடுத்த வேன் ஊமை. அதற்கடுத்த லொறி எண்பத்தொன்று. கொஞ்ச நேரத்தில் அவர்களே வண்டிக் கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு, தங்கள் வண்டி கதைக்குமா என்று காத்து நின்றார்கள். ஓட்டோக்காரர் ஒருவர் முன்னால் வந்தார்.

“அக்கா, இதுக்கும் பாருங்கோ.”

“உங்கட ஓட்டோவுக்கு வாயே இல்லையே தம்பி, எங்கால கதைக்கிற?”

எண் ஏறும்போது அந்தக் கூட்டம் அடங்கிப்போனதை நான் பார்த்தேன். தன் லொறியோடு பாதி வாழ்நாளைக் கழித்தவர் ஒருவர், அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார்.

கடைசியாக யோகன் என்பவரின் மீன் வேன். ஐஸும் மீனும் ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டுப் புறப்பட நின்றது. மீற்றர் நூற்றொன்பது காட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூற்றுப் பத்து. டாஷ்போர்ட்டில் சிவப்பு விளக்கு இன்னும் எரியவில்லை.

“நிப்பாட்டுங்கோ தம்பி,” என்றேன். “இது கூடிப்போச்சு.”

யோகன் என்னைப் பார்த்தார். “அண்டைக்குப் போலி எண்டியள். இண்டைக்கு நல்லது எண்டுறியள். உங்கட எந்தக் கதையை நம்பி நான் மீனை வெயிலில வைச்சிருக்கிறது?”

அவர் மீற்றரைக் கழற்றி நஸீமாவின் கையில் கொடுத்துவிட்டு வேனை எடுத்தார். அதே கரையில்தான் முன்பு ஒருநாள், கடல் அமைதியாகக் கிடந்தபோதும், என் ஒரு சொல்லுக்காகத் தோணிகள் நின்றன. இப்போது எண்ணையே காட்டிச் சொல்கிறேன், ஒரு வேன் நிற்கவில்லை.

வேன் மணல் பாதையின் திருப்பத்தை அடையும்போது அதன் முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி எழும்பியது. முதலில் நூல்போல. பிறகு ஒரு முகில்.

எல்லோரும் ஓடினார்கள். எனக்கு முன்னால் ஓடியவர் நஸீமா.

“மூடியைத் திறக்காதீங்க. முகம் வெந்திரும். எஞ்சினை நிப்பாட்டிப் போட்டு விடுங்க, தானா ஆறட்டும்.”

ரேடியேற்றர் குழாய் ஒன்று வெடிப்பு விட்டு, தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் போய் வெறுமையாகியிருந்தது. நேரத்தோடு நின்றதால் எஞ்சின் தப்பியது. மீனை இராசனின் கெப்புக்கு மாற்றினார்கள். யோகன் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு நஸீமாவிடம் வந்தார்.

“அக்கா, அந்தச் சாமானில ஒண்டு எனக்கு எடுத்து வையுங்கோ. இந்தக் குழாயும் உங்கட கடையில இருக்குமோ?”

“குழாய் இருக்கு. நல்ல குழாய்,” என்றார் நஸீமா. கடைசி இரண்டு சொற்களையும் என்னைப் பார்த்துச் சொன்னார்.

திரும்பும் வழியில் அவர் என் வேனில் வந்தார். கடற்காற்று ஜன்னலால் வந்தது. கிண்ணியா வரும்போது, இனி வண்டியைப் பார்க்காமல் ஒருவருக்கும் மீற்றர் விற்கமாட்டேன் என்றார். “பெட்டியில என்ன எழுதியிருந்தாலும் சரி. நானும் பார்க்காமத்தானே உங்களுக்குத் தந்த.”

அவரிடம் மன்னிப்புக் கேட்டவனுக்கு அவர் அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

ஐயா வந்திட்டார்

அண்மையில் வெருகலுக்குப் போய்த் திரும்பும்போது ஃபேன் பெல்ற் கத்தத் தொடங்கியது. மூதூரில் முன்பின் தெரியாத ஒரு கராஜில் நிறுத்தினேன். புவனா உள்ளே இருந்தாள். கராஜ்காரர், முப்பது வயதுக்குள் இருப்பார், ஒரு பழைய லொறியின் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து சொக்கெட்டில் மீற்றர் ஒன்றைச் செருகினார். பார்த்துவிட்டு லொறிக்காரரிடம் சொன்னார்.

“ம், ஐயா வந்திட்டார்.”

எனக்கு விளங்கவில்லை. எட்டிப் பார்த்தேன். சய நாற்பது.

“தம்பி, ஐயா எண்டா ஆர்?”

“ஆரோ ஒரு ஐயா. வண்டியைப் பார்க்காமலே சாமானைப் போலி எண்டு ஊருக்குச் செல்லிப் போட்டாராம். சய நாப்பது வந்தா இப்ப எல்லாரும் இப்பிடித்தான் செல்ற. சாமானை ஏசக்கூடாது, வண்டியைப் பார்க்கணும். நஸீமா ராத்தாட கடையில பழகின பழக்கம்.”

“அந்தக் கடை இப்ப எப்பிடி?”

“நாங்க எல்லாம் அங்கதான் சாமான் எடுக்கிற. இடையில பலகை அடிச்சிருந்தா. அதையும் கழட்டிப்போட்டா.”

புவனா வேனுக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசாமல் பெல்ற்றை மாற்றிக்கொண்டு போயிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

“அந்த ஐயா நான்தான்,” என்றேன்.

அவர் நிமிர்ந்தார். கையிலிருந்த கிறீஸைத் துணியில் துடைத்தார். சிரிப்பதா வேண்டாமா என்று முகம் கொஞ்ச நேரம் தடுமாறியது. பிறகு மீற்றரைக் கழற்றிக்கொண்டு என் வேனைக் காட்டினார்.

“அப்ப இதுதானா அந்த வண்டி? வாங்க, பார்ப்பம்.”

இந்தமுறை நானே கதவைத் திறந்துவிட்டேன். அவர் குனிந்து செருகினார். நான் சாவியைத் திருப்பினேன். ஜப்பானியப் பெண் தன் வசனத்தைச் சொன்னாள். புவனா, “ஓம் பிள்ளை” என்றாள். மீற்றர் நீலமாக விழித்து, எதையோ கேட்க முயல்வது போலச் சற்றுத் தாமதித்து, சய நாற்பதில் நின்றது.

இருவரும் தலையைக் குனிந்து அதைப் பார்த்தோம்.

“ஐயா வந்திட்டார்,” என்றார் அவர், மெல்ல.

“ஓம் தம்பி,” என்றேன். “வந்திட்டன்.”